பழைய டஸ்டர் 110: ஐந்து வருட ஓட்டமும் செலவுக் கணக்கும்

பழைய ரெனால்ட் டஸ்டர் எஸ்யூவி வாங்கலாமா என்று யாராவது கேட்டால் நான் பட்ஜெட்டைக் கேட்பதில்லை. வீட்டுக்குப் போகிற ரோடு எப்படி என்றுதான் கேட்பேன். வாசல் வரை தார் ரோடு, ஓட்டமெல்லாம் டவுனுக்குள் என்றால் அதே பணத்துக்கு வேறு நல்ல வண்டிகள் கிடைக்கும். தார் ரோடு பாதியில் முடிந்து, அப்புறம் இட்டேரி (வேலிகளுக்கு நடுவே போகிற மண் தடம்), குழி, ஐப்பசி கார்த்திகையில் சேறு என்றால் மேலே பேசலாம். எனக்கு இரண்டாவது கதை. வீடு பொள்ளாச்சி டவுனில், தோப்பு ஆனைமலைப் பக்கம், சொந்தக்காரர்கள் வால்பாறையில்.

என்னிடம் இருப்பது 2015 மாடல், 110 பிஎஸ் டீசல், டாப் என்ட், டூ வீல் டிரைவ். 2020 கடைசியில் கோயம்புத்தூரில் முதல் ஓனரிடமிருந்து 5.25 லட்சத்துக்கு வாங்கினேன். அப்போது மீட்டரில் 78,000 சொச்சம். இப்போது ஒரு லட்சத்து நாற்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது.

அந்தச் சமயத்தில் பார்த்த மற்ற இரண்டு, க்ரெட்டா 1.6 டீசலும் எக்ஸ்யூவி 500-உம். எக்ஸ்யூவி ஏழு பேர் போகிற வண்டி, எங்கள் வீட்டில் நான்கு பேர். க்ரெட்டா ஓட்ட அருமையாக இருந்தது, ஆனால் அதே வருட வண்டிக்கு ஒன்றரை லட்சம் கூடக் கேட்டார்கள். இன்னொரு கணக்கும் உண்டு, வாங்கும்போது யாரும் இதைப் பார்ப்பதில்லை. டஸ்டர் இன்ஜின் 1461 சிசி. கார்களுக்கான தர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் பிரீமியம் 1000 சிசிக்கு மேல் 1500 சிசி வரை ஒரு ரேட், அதற்கு மேல் வேறு ரேட். 2022இல் வந்த கட்டணப்படி முதலாவது 3,416 ரூபாய், இரண்டாவது 7,897 ரூபாய், ஜிஎஸ்டி தனி. க்ரெட்டா 1.6 மேல் வரிசையில் போய்விடும். வருடா வருடம் கட்டுகிற பணம் இது.

வண்டி தேடின கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழைய வண்டி விற்கிற கன்சல்டிங் கடைகளில் நிற்கிற வண்டியெல்லாம் பளபளவென்றுதான் இருக்கும். பாலிஷ் போட்டு, இன்ஜின் ரூமைக் கழுவி, டயருக்குக் கருப்பு பூசி வைத்திருப்பார்கள். "டாக்டர் ஓட்டின வண்டிங்க சார்" என்று எல்லாக் கடையிலும் ஒரு வண்டி இருக்கும். கோயம்புத்தூரில் இவ்வளவு டாக்டர்கள் வண்டியை விற்றுக்கொண்டே இருந்தால் ஆஸ்பத்திரிக்கு எதில் போகிறார்கள் என்று தெரியவில்லை. கன்சல்டிங்கில் வாங்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன், ஃபைனான்ஸ் வேலை அங்கே சுலபம். எனக்கு முதல் ஓனரிடம் நேரில் பேச வேண்டும் என்று இருந்தது. எந்த ரோட்டில் ஓட்டினார், யார் சர்வீஸ் பண்ணினார், ஏன் விற்கிறார் என்பதை அவர் வாயாலேயே கேட்டால் பாதி விஷயம் விளங்கிவிடும்.

போவதற்கு முந்தின நாளே ஃபோனில் ஒன்று சொல்லிவிட வேண்டும்: நான் வருகிற வரைக்கும் வண்டியை ஸ்டார்ட் பண்ண வேண்டாம். டீசல் இன்ஜினின் உண்மையான குணம் காலையில் முதல் ஸ்டார்ட்டில்தான் தெரியும். போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் ஏற்கெனவே ஓட வைத்துவிட்டார் என்று அர்த்தம். ஸ்டார்ட் ஆனதும் ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். லேசாக ஆவி வந்தால் பரவாயில்லை, குபுகுபுவென்று புகை தள்ளினால் கிளம்பி வந்துவிடலாம். அப்புறம் சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பார்ப்பது. 2015 வெள்ளத்தில் முழுகின சென்னை வண்டிகள் தமிழ்நாடு முழுக்க விலை போயின. சீட் துணியைக் கழுவுகிறவர்கள் பெல்ட்டின் அடி நுனியில் இருக்கும் வண்டல் கோட்டை மறந்துவிடுவார்கள். டயரில் நான்கு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். நான் பார்த்த ஒரு வண்டியில் நான்கு டயரும் நான்கு வேறு வருடம், தரையில் உரசுகிற பட்டன் மட்டும் நன்றாக இருந்தது. மீட்டரை நம்பவே வேண்டாம். கிளட்ச் பெடல் ரப்பர், ஸ்டியரிங்கின் தேய்மானம், சர்வீஸ் பில்லில் எழுதியிருக்கும் கிலோமீட்டர், இந்த மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் போதும்.

விலை குறைவாக வருகிற வெளிமாநில வண்டிகள் தனி ஆசை காட்டும். டெல்லியில் பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிகளுக்கு அப்போது தடை இருந்ததால் அங்கிருந்து நிறைய இறங்கின. எங்களுக்குப் பக்கத்திலேயே பாலக்காடு, அங்கேயும் கிடைக்கும். ஆனால் என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்கி, இங்கே ஆயுள் வரி கட்டி, புது நம்பர் எடுத்து முடிக்கும்போது மிச்சம் பிடித்த பணம் எங்கே போனது என்று தெரியாது. நான் டிஎன் நம்பரைத் தாண்டிப் பார்க்கவில்லை.

என் வண்டியில் இருந்த ஒரே சிக்கல் பேப்பரில். முந்தின ஓனர் லோனைக் கட்டி முடித்து ரொம்ப நாளாகிறது, ஆனால் ஆர்சி புக்கில் ஹெச்பி (வண்டி கடனில் இருக்கிறது என்ற குறிப்பு) அப்படியே இருந்தது. வங்கி கொடுத்த பழைய என்ஓசிக்குத் தேதி முடிந்துவிட்டது. அவர் மறுபடி வங்கிக்கு நடந்து புது என்ஓசியும், ஹெச்பியை நீக்குவதற்கான ஃபார்ம் 35-உம் வாங்கி வரும் வரை பெயர் மாற்றம் நகரவில்லை. பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30இல் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஐம்பதாயிரத்தை மட்டும் நிறுத்தி வைத்திருந்தேன், ஆர்சி என் பெயருக்கு வந்த அன்று கொடுத்தேன். அவரும் முகம் சுளிக்கவில்லை. இன்சூரன்ஸையும் பதினான்கு நாளுக்குள் நம் பெயருக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட வேண்டும். இன்சூரன்ஸில் பணம் கேட்காத வருடங்களுக்குக் கிடைக்கிற தள்ளுபடியான நோ க்ளெய்ம் போனஸ் ஆளுக்குச் சொந்தம், வண்டிக்கு அல்ல. முந்தின ஓனரின் ஐம்பது சதவீத போனஸ் அவரோடு போய்விடும்.

வீட்டுக்கு வந்த வாரமே வண்டி எங்கள் மெக்கானிக் அண்ணனின் பட்டறைக்குப் போனது. அவர் கேட்ட முதல் கேள்வி: "பெல்ட் மாத்துன பில்லு இருக்குங்களா தம்பி? இல்லைன்னா மாத்தலைன்னே வச்சுக்கோங்க." இந்த இன்ஜினில் வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயக்குவது டைமிங் பெல்ட், செயின் அல்ல. ஓடும்போது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும், அப்புறம் ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான். பெல்ட், டென்ஷனர், கூடவே வாட்டர் பம்ப், எல்லா ஆயிலும், ஃபில்டர்களும் மாற்ற இருபத்திரண்டாயிரம் ஆனது. பழைய பெல்ட்டைக் கையில் வாங்கி மடித்துப் பார்த்தேன். பல் எதுவும் போகவில்லை, ஆனால் முதுகில் நகக்கீறல் மாதிரி நெடுக மெல்லிய வெடிப்புகள். செகண்ட்ஹேண்ட் டஸ்டர் வாங்குகிறவர்கள் இந்தப் பணத்தை வண்டி விலையோடு சேர்த்தே எண்ணி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஓட்டம். தோப்புக்குப் போகிற கடைசி இரண்டு கிலோமீட்டர் இட்டேரியில் முன்பு என்னிடம் இருந்த ஹேட்ச்பேக்கை உருட்டிக்கொண்டுதான் போவேன், அடியில் கல் தட்டும் சத்தம் நெஞ்சில் இடிக்கும். டஸ்டரில் முப்பதில் போகிறேன், முன்சீட்டில் அம்மா பேச்சை நிறுத்துவதில்லை. கிரவுண்ட் கிளியரன்ஸ் 205 மில்லிமீட்டர், டயர் 215/65 ஆர்16. டயரின் பக்கவாட்டு உயரமே பாதிக் குலுக்கலைத் தின்றுவிடுகிறது. இப்போது வருகிற எஸ்யூவிகளில் பதினெட்டு அங்குலச் சக்கரம் போட்டு அழகு காட்டுகிறார்கள், படத்துக்கு நன்றாக இருக்கும். மீதி வேலை சஸ்பென்ஷனுடையது. குழியில் இறங்கி ஏறினால் ஒரே அசைவில் அடங்கிவிடும், இரண்டாவது தடவை ஆடாது. அறுபதிலும் அப்படித்தான், நூறிலும் அப்படித்தான். ஐந்து வருடமாக இந்த வண்டியை விற்காமல் வைத்திருப்பதற்குக் காரணம் இது ஒன்றுதான் என்று சொன்னாலும் தப்பில்லை.

இன்ஜினுக்கு இரண்டு முகம். ஹைவேயில் ஆறாவது கியரில் நூறில் அலட்டாமல் போகும், ஓவர்டேக்குக்குக் காலை அமுக்கினால் போதும். ஆனால் இரண்டாயிரம் ஆர்பிஎம்முக்குக் கீழே ஆள் தூங்கிக்கொண்டிருப்பார். ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் இரண்டாவது கியரில் திரும்பினால் டர்போவின் இழுவை விழுந்துவிடும், வண்டி முனகும். பின்னால் அரசு பஸ் வேறு ஹாரன் அடிக்கும். வளைவுக்கு முன்பே முதல் கியருக்கு இறக்கி, திரும்பி நிமிர்ந்ததும் நன்றாக இழுத்து இரண்டாவது போட வேண்டும். பழகிவிட்டால் கை தானாகப் போகும். மலையில் பாதி ஓட்டம், டவுனில் பாதி ஓட்டம் என்கிறவர்கள் 85 பிஎஸ் வண்டியையும் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஐந்து கியர்தான், ஆனால் கீழ் ஆர்பிஎம்மிலேயே இழுக்கும், கிளட்சும் லேசு. 110இன் கிளட்ச் கனம். காந்திபுரம் டிராஃபிக்கில் மாட்டினால் இடது முழங்கால் அன்று இரவு ஞாபகப்படுத்தும். மைலேஜ் ஹைவேயில் 17, டவுனில் 13, வால்பாறை ஏற்றத்தில் கணக்குப் பார்ப்பதில்லை.

உள்ளே உட்கார்ந்தால் சிக்கனம் தெரியும். ருமேனியாவில் டாசியா பெயரில் மலிவு வண்டியாகப் பிறந்தது என்பதை டாஷ்போர்டு மறைப்பதில்லை, தட்டினால் டொக்கென்று சத்தம். சைடு மிரரைத் திருப்புகிற குமிழ் ஹேண்ட்பிரேக்குக்கு அடியில் இருக்கிறது. ஹேண்ட்பிரேக்கைப் போட்டால்தான் கை நுழையும், அதாவது ஓடும்போது திருப்பவே முடியாது. ஆனால் பின்சீட்டுக்குத் தனி ஏசி, சித்திரை மாதத்தில் அதன் அருமை தெரியும். டிக்கி 475 லிட்டர். சீட்டை மடக்கினால் இரண்டு தேங்காய் மூட்டையும் ஒரு மோட்டாரும் போகும்.

பாதுகாப்பைப் பற்றி ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கார்களை மோதிப் பார்த்து நட்சத்திரம் கொடுக்கிற குளோபல் என்கேப் 2017இல் நடத்திய சோதனையில் ஏர்பேக் இல்லாத டஸ்டருக்கு முன்சீட்டுப் பயணிகள் பாதுகாப்பில் நட்சத்திரமே கிடைக்கவில்லை, டிரைவர் ஏர்பேக் உள்ளதற்கு மூன்று. எனவே அடி வேரியன்ட் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள்.

செலவு. ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியதும் கிளட்ச் செட் மாற்றினேன், கூலியோடு இருபத்தெட்டாயிரம். சஸ்பென்ஷனில் லோயர் ஆர்ம் புஷ்ஷும் லிங்க் ராடும் எங்கள் ரோட்டுக்கு இரண்டு வருடம்தான் தாங்கும், அதை நான் குறையாகவே எடுத்துக்கொள்வதில்லை. ஒரு முறை ஏசி கூலிங் குறைந்தது என்று வெளியூரில் ஒரு பட்டறையில் விட்டேன். கம்ப்ரசரே போய்விட்டது, முப்பத்தைந்தாயிரம் ஆகும் என்றார்கள். நம் அண்ணன் பார்த்துவிட்டு ஒரு குழாய் இணைப்பின் ரப்பர் ஓ-ரிங்கை மாற்றி, கேஸ் அடித்துக் கொடுத்தார், மூவாயிரத்துக்குள் முடிந்தது. வருட சர்வீஸ் சராசரி எட்டாயிரம், டயர் ஒரு செட். எல்லாம் சேர்த்து வருடத்துக்கு இருபத்தைந்தாயிரம் பராமரிப்புக்கு ஒதுக்கினால் பயமில்லாமல் ஓட்டலாம். டீசலும் இன்சூரன்ஸும் வேறு.

எல்லாரும் கேட்கிற அடுத்த கேள்வி ஸ்பேர். ஒரகடத்தில் 2012இலிருந்து தயாரான வண்டி, டீசல் 2020இல் நின்றது, பெட்ரோலும் 2022இல் முடிந்தது. ஆனால் கே9கே என்ற இந்த இன்ஜின் குடும்பம் டஸ்டரோடு நிற்கவில்லை. நிசான் டெரானோ, சன்னி, மைக்ரா டீசல்கள், லாட்ஜி, ஏன், டாக்ஸியாக ஓடித் தள்ளிய லோகனும் வெரிட்டோவும்கூட இதே குடும்பம். அதனால் இன்ஜின் வேலை தெரிந்த மெக்கானிக் கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூரில் தாராளமாகக் கிடைக்கிறார். பெல்ட், ஃபில்டர், கிளட்ச் எதற்கும் நான் காத்திருந்ததில்லை. கஷ்டம் பாடி பார்ட்ஸில்தான். பின்பக்க டெயில் லேம்ப் ஒன்று உடைந்தபோது வாரக்கணக்கில் அலைந்து, கடைசியில் உக்கடம் பழைய சாமான் கடையில் ஒரு டஸ்டரிலிருந்து கழற்றியதை வாங்கிப் போட்டேன். கிடைக்கும்போதே ஒரு ஜோடி மிரர், ஒரு டெயில் லேம்ப் வாங்கி வீட்டில் போட்டுவைப்பது நல்லது.

நான்கு சக்கரமும் இழுக்கிற ஆல் வீல் டிரைவ் கிடைத்தால் விடாதே என்று சிலர் சொல்வார்கள். 2014இல் வந்தது அது, பின் சஸ்பென்ஷனும் தனி வகை, ஓட்டிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். ஆனால் விலையில் லட்சக்கணக்கில் ஏற்றிக் கேட்கிறார்கள், பின் டிஃபரன்ஷியல் வேலை வந்தால் அதற்கென்று ஆள் தேட வேண்டும். தோப்புச் சேற்றில் என் டூ வீல் டிரைவ் ஒருமுறை சிக்கியது உண்மை, டிராக்டர் கட்டி இழுத்தோம். அதற்காக இரண்டு லட்சம் கூடக் கொடுக்க மனசு வரவில்லை.

2030இல் ஆர்சிக்குப் பதினைந்து வருடம் முடிகிறது. எஃப்சி காட்டிப் புதுப்பிக்க இப்போதைய கட்டணம் ஐயாயிரம், பசுமை வரி தனி. பெல்ட்டுக்கு இரண்டாவது முறை வந்துவிட்டது, வரும் ஆடிக்கு முன்னால் மாற்றச் சொல்லியிருக்கிறார் அண்ணன். இந்தத் தடவை பில்லைப் பத்திரமாக ஆர்சியோடு வைக்கப் போகிறேன், அடுத்து வாங்குகிறவர் கேட்பார்.