குன்னூர் மூடுபனிக்கு ஐம்பதா, இருநூற்றைம்பதா?

கேமராவோடு சேர்ந்து வந்த 18–55 லென்ஸை மாட்டிக்கொண்டு ஓராண்டுக் காலம் குன்னூர்ச் சரிவுகளில் நடந்தவருக்கு, அடுத்து எதை வாங்குவது என்ற கேள்வி வந்தே தீரும். பணம் ஒன்றுக்குத்தான் காணும் என்றால் போட்டி பெரும்பாலும் இரண்டுக்குள் அடங்கிவிடுகிறது: ஒன்று நீட்டிச் சுருக்க முடியாத 50 மி.மீ. எஃப் 1.8 பிரைம், மற்றொன்று நீட்டித் தொலைவை அருகே இழுக்கும் 55–250 மி.மீ. ஜூம். நான் பிலிம் சட்டத்தைவிடச் சிறிய சென்சார் (ஒளியைப் பதியும் சில்லு) கொண்ட கேனான் டி.எஸ்.எல்.ஆர். ஒன்றில் இவ்விரண்டையும் சில ஆண்டுகளாக மாற்றி மாற்றிப் பயன்படுத்தி வருவதால், அந்நிறுவனத்தின் எஸ்.டி.எம். (ஸ்டெப்பிங் மோட்டாரால் குவியும்) வகை லென்ஸ்களையே இங்கே ஒப்பிடுகிறேன்.

எடையில் பெரிய வழக்கில்லை. ஐம்பது ஏறத்தாழ 160 கிராம்; ஜூம் 375 கிராம். லாம்ஸ் ராக் காட்சிமுனை வரை நடப்பவருக்கு இரண்டுமே சுமையாகாது. விலையில் ஐம்பது மலிவு. மழைத்துளி உள்ளே புகாமல் காக்கும் அடைப்பு இரண்டிலும் கிடையாது.

வேறுபாடு தொடங்குவது வெளிச்சத்தில். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் வடகிழக்குப் பருவமழையே பெரிது என்பதால், அக்டோபர், நவம்பர் மாதங்களில் பகல் பதினொரு மணிக்கும் விளக்கேற்றி வைத்த வீடுகளைப் பார்க்கலாம். லென்ஸின் துவாரத்தை எஃப் எண்ணால் சொல்வார்கள்; எண் சிறிதானால் துவாரம் பெரிது. ஜூமை 250 வரை நீட்டினால் அதன் துவாரம் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. ஐம்பதோ எஃப் 1.8 வரை திறக்கும். கணக்கிட்டால், முன்னது உள்ளே விடுவதைப் போல ஒன்பது மடங்குக்கும் அதிகமான ஒளியைப் பின்னது விடுகிறது. அதாவது, ஐ.எஸ்.ஓ. எனும் ஒளியுணர்திறனை 1600-இல் வைத்தால் ஐம்பது 1/400 நொடியில் எடுத்து முடிக்கும் படத்தை எடுக்க, ஜூமுக்கு ஏறத்தாழ 1/40 நொடி வேண்டும். ஜூமில் அதிர்வுத் தடுப்பு இருக்கிறதே என்று கேட்கலாம். அது நம் கை நடுக்கத்தைத்தான் தாங்கும். கொழுந்து கிள்ளும் விரல்களின் வேகத்தை அதனால் நிறுத்திவைக்க முடியாது. மேலும், தொலைவிலுள்ளதை மூடுபனி வழியே இழுத்துக் காட்டும்போது ஜூம் பனியையும் சேர்த்தே இழுத்து வருகிறது. படம் சாம்பல் பூசியதுபோல் வெளிறிவிடுகிறது.

ஐம்பதின் தாராளத்துக்கும் ஒரு விலை உண்டு. எஃப் 1.8-இல் இரண்டு மீட்டர் தள்ளி நிற்பவரை எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் அரைச் சாண்தான். கண் தெளிந்தால் காது மங்கும். நான் முதல் மாதத்தில் எடுத்த முகங்களில் பாதிக்குமேல் மூக்கு நுனி மட்டுமே கூர்மையாக விழுந்தது, துவாரத்தை எஃப் 2.8-க்குக் குறைத்துக்கொண்ட பிறகே நிலைமை சீரானது.

‘ஐம்பதுதான் மனிதக் கண் பார்ப்பதுபோல் பார்க்கும் லென்ஸ்’ என்று ஊட்டியின் மூத்த புகைப்படக்காரர்கள் சொல்வதைக் கேட்டு வாங்குவோர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். அவர்கள் பேசுவது பிலிம் காலத்து ஐம்பதைப் பற்றி. இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை 1967-இல் ஊட்டியில் உற்பத்தியைத் தொடங்கி ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருள்களை விற்ற நாள்களில், நடுச்சுருளில் ஐ.எஸ்.ஓ.வை மாற்ற வழியில்லாததால், நன்கு திறக்கும் ஐம்பதே பொது லென்ஸாக இருந்தது. அதே லென்ஸ் இன்றைய சிறிய சென்சாரில் 80 மி.மீ. போலக் குறுக்கியே காட்டும். சமையலறையில் சுவரோடு ஒட்டி நின்றாலும் அடுப்பும் ஆளும் ஒரு சட்டத்துக்குள் அடங்க மாட்டா.

ஜூமின் பக்கம் வருவோம். பறவைக்காக இதை வாங்குவோரே அதிகம், ஏமாறுவோரும் அவர்களே. நீலகிரி சிரிப்பானும் கறுப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பானும் திரிவது சோலைக்காட்டின் அடிப்புதர் இருட்டில். அங்கே காலை ஏழு மணிக்கு எஃப் 5.6-ஐ வைத்துக்கொண்டு ஐ.எஸ்.ஓ.வை ஏற்றிக்கொண்டே போக வேண்டியதுதான். கிடைப்பது மணல் தூவியதுபோன்ற படம். ஐம்பதுக்கு அந்தப் பறவை ஒரு புள்ளிதான் என்பதால், இந்த ஒரு துறையில் இரண்டும் தோற்கின்றன என்றே சொல்வேன்.

ஜூம் உண்மையில் ஜொலிப்பது மூன்று இடங்களில். முதலாவது, மழை விட்ட மறுநாள் காலையில் ஒன்றன்பின் ஒன்றாக மடிந்து கிடக்கும் மலைமுகடுகள். கேத்திப் பள்ளத்தாக்கின் காய்கறிப் பாத்திகளையும் ஓட்டு வீடுகளையும் எதிர்ச்சரிவிலிருந்து 200 மி.மீ.க்குமேல் வைத்து எடுத்தால், கண்ணுக்குத் தனித்தனியே தெரிந்த அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து வைத்தாற்போல் நெருங்கி வரும். ஐம்பதால் இது இயலாது.

இரண்டாவது, மலை ரயில். 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய இந்த வண்டியை நீராவி இஞ்சின் இழுப்பதில்லை. கல்லாறிலிருந்து குன்னூர் வரையிலான பற்சக்கரப் பாதையில் கீழிருந்து தள்ளுகிறது. ஆகவே ஏறும் வண்டியை முன்னாலிருந்து எடுத்தால் பெட்டி மட்டுமே விழும், புகை வால்பக்கம் இருக்கும். இறங்கும் வண்டியில்தான் இஞ்சின் முகம் காட்டும். தண்டவாளத்தை நெருங்காமல், எதிர் வளைவிலிருந்து அதைப் பிடிக்க ஜூமே வழி. நிலையத்திலேயே நின்று நீராவியையும் கரி படிந்த கைகளையும் எடுப்பவருக்கு ஐம்பது போதும்.

மூன்றாவது, காட்டெருமை. தேயிலைத் தோட்டத்தில் மட்டுமல்லாமல் வீட்டு வாசல் வரை இப்போது அது வருகிறது. ஐம்பதைக் கையில் வைத்திருப்பவரை இன்னும் நாலடி முன்னே போகச் சொல்லி அந்த லென்ஸ் தூண்டிக்கொண்டே இருக்கும். இங்கே ஜூம் என்பது படத்தின் தரம் பற்றிய பேச்சே அல்ல, உயிர் பற்றியது.

நெருக்கப் படங்களில் பலர் எதிர்பாராத முடிவு ஒன்று உண்டு. ஐம்பது 35 செ.மீ. வரை கிட்டே போகும். ஜூமுக்கு 85 செ.மீ. விலகி நிற்க வேண்டும். ஆயினும் சட்டத்தில் பொருளைப் பெரிதாகக் காட்டுவது ஜூம்தான்: உருப்பெருக்கம் அதற்கு 0.29, ஐம்பதுக்கு 0.21. ஜனவரியில் தலைகுந்தாப் புல்லில் உறைபனி படிந்திருக்கும்போது, மூச்சுக்காற்று படாத தொலைவில் நின்று எடுக்கலாம் என்பது கூடுதல் வசதி.

மனிதர்கள் என்று வந்துவிட்டால் ஐம்பதை விட்டுக்கொடுக்க மாட்டேன். டீக்கடை அடுப்பு வெளிச்சம், மார்க்கெட்டின் உள்சந்து, மின்சாரம் போன மாலையில் மெழுகுவத்தியருகே படிக்கும் பிள்ளை ஆகியவற்றை ஃபிளாஷ் இல்லாமல் எடுக்க எனக்கு வேறு கருவி கிடையாது. ஹெத்தையம்மன் பண்டிகையில் படுகர் கூட்டம் வெள்ளை உடையில் பனிக்குள் நடந்து வரும்போது, எந்த லென்ஸானாலும் கேமரா வெண்மையைச் சாம்பலாக எண்ணி இருட்டாக்கிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியளவை, ஒரு படி கூட்டி வைக்க வேண்டும். கோயிலருகே அனுமதி கேட்காமல் கேமராவை எடுக்கவே கூடாது. அந்த மரியாதைக்கு ஆறடி தூரத்தில் நின்று பேசிவிட்டு எடுக்கும் ஐம்பதே ஒத்துவருகிறது. அறுபதடி தள்ளி மறைந்து நின்று எடுப்பது எனக்கு ஒப்பவில்லை.

இனி ஈரம். நீட்டிச் சுருக்கும் ஒவ்வொரு முறையும் ஜூம் கொஞ்சம் காற்றை உள்ளிழுக்கிறது. இங்கே அந்தக் காற்று ஈரக்காற்று. என் முதல் ஜூமைச் சமவெளியின் கடையொன்றில் பழையதாக வாங்கினேன். ஒரே மழைக்காலத்தில் கண்ணாடிக்குள் சிலந்தி நூல்போல் பூஞ்சை படர்ந்தது. அது முன்பே இருந்து துடைக்கப்பட்டது என்று பிறகு பழுது பார்த்தவர் சொன்னார். பழையதை வாங்குவோர் பின்பக்கம் டார்ச் அடித்து முன்பக்கம் பார்த்துவிட்டே பணம் கொடுக்க வேண்டும். ரப்பர் அடைப்புள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைப்பதும், அந்த ஜெல் மணிகளின் நிறம் மாறினால் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்து மீண்டும் போடுவதும் இரண்டு லென்ஸுக்கும் பொது.

இரண்டு நாள் பயணமாக மலை ஏறுபவர் கேட்டால் ஜூமை வாங்கச் சொல்வேன். அவருக்கு அந்த முகடு மறுபடி கிடைக்காது. இங்கேயே குடியிருப்பவர் முதலில் ஐம்பதை வாங்கட்டும். முகடுகள் எங்கும் போய்விடா. ஜூமுக்குப் பணம் சேரும்வரை மழையும் எப்படியும் நிற்கப்போவதில்லை.