வாஷிங்டன் பெண் கலைஞர் அருங்காட்சியகம்: எதை நின்று பார்க்கலாம்?

1908இல் ஃப்ரீமேசன்கள் என்ற சகோதரச் சங்கத்தார் தங்கள் சங்கத்துக்காகக் கட்டிய மாளிகை இது. பெண்களை உறுப்பினராகச் சேர்க்காத அந்தச் சங்கத்தின் கட்டடத்தில், 1987 முதல் பெண்களின் ஓவியங்கள் தொங்குகின்றன. மெட்ரோ சென்டர் நிலையத்திலிருந்து சிறிது நடைதான்.

யூடித் லேய்ஸ்டர் வரைந்த 'கச்சேரி' முன் நிதானமாக நில்லுங்கள். நெதர்லாந்தின் ஹார்லெம் நகர ஓவியர் சங்கத்தில் 1633இல் சேர்ந்தவர் அவர். இறந்தபின் அவருடைய படங்கள் பலவும் அதே ஊரின் புகழ்பெற்ற ஆண் ஓவியர் ஃப்ரான்ஸ் ஹால்ஸ் பெயரில் விலைபோயின. முதலெழுத்துகளோடு ஒரு நட்சத்திரம் சேர்ந்த அவருடைய கையொப்பத்தை 1893இல் ஓர் ஆய்வாளர் இனங்கண்ட பிறகே உண்மை வெளிவந்தது. கைத்திறன் குறைவு என்பதால் அல்ல, நன்றாக இருந்ததாலேயே ஆணின் பெயருக்குப் போனது. எவ்வளவு பெரிய அநியாயம்!

இத்தாலிய ஓவியர் லவினியா ஃபோன்டானாவின் சீமாட்டி படத்தில் (சுமார் 1580) ஆடையின் பூவேலையையும் நகைகளையும் கிட்டப் போய்ப் பாருங்கள். பதினொரு பிள்ளைகளைப் பெற்றவர்; அவருடைய தூரிகை வருமானத்தில்தான் குடும்பம் நடந்தது. டச்சு ஓவியர் ரேச்சல் ரைஷின் பூ ஓவியத்தையும் தவறவிடாதீர்கள். மனித உருவம் வரைய நிர்வாண மாடலை வைத்துப் பயில பெண்களுக்கு அனுமதியில்லாத காலத்தில், பூவும் பழமும் அவர்களுக்குத் திறந்திருந்த துறைகள்.

ஒரு குறை: 2023 புதுப்பிப்புக்குப் பின் படங்களைக் காலவரிசையில் அல்லாமல் கருப்பொருள்வாரியாக மாட்டியிருக்கிறார்கள். புதியவர்கள் திணறலாம், ஆண்டைப் பார்த்துவிட்டுப் படத்தைப் பாருங்கள். மெக்சிகோ ஓவியர் ஃப்ரிடா காலோவின் 1937 தன்னுருவப்படத்துக்காகவே போகிறவர்கள், அது அப்போது காட்சியில் உள்ளதா என்று முன்பே விசாரியுங்கள்.