கோவாப் புழுவுக்கு எந்தக் குளவி: முட்டையில் புகுவதா, புழுவுக்குள் வளர்வதா?

வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் கோவா வைப்பவர்களுக்கு வைரமுதுகு அந்துப்பூச்சியை அறிமுகம் செய்யத் தேவையில்லை. எத்தனையோ மருந்துகளுக்குப் பழகிப்போன புழு அது. ஒட்டுண்ணிக் குளவியை (வேறு பூச்சிக்குள் முட்டையிட்டு, அதைத் தின்று வளரும் குளவி) நம்பலாம் என்று முடிவெடுத்தால் இரண்டு வழி உண்டு: முட்டையைத் தாக்கும் ட்ரைக்கோகிராமா, புழுவைத் தாக்கும் கோட்டீசியா வெஸ்டாலிஸ். என் தேர்வு கோட்டீசியா.

ட்ரைக்கோகிராமா அரை மில்லிமீட்டர் அளவுதான். அந்துப்பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை நஞ்சோடு இறக்கும். உள்ளே கரு செத்துக் கூழாகி, குளவிப்புழுவுக்குத் தீனியாகிவிடும். சில நாளில் மஞ்சள் முட்டை கறுக்கும். புழுவே பிறக்காததால் இலை தப்பும். அதில் குறை சொல்ல முடியாது.

கோட்டீசியா செய்வது வேறு. புழுவைக் கொல்லாமல், அதன் உடம்பைத் தன் குஞ்சுக்கு ஏற்றபடி மாற்றிவிடுகிறது. முட்டையோடு நஞ்சும், தாய்க்குளவியின் சூலகத்தில் உருவாகும் வைரஸ் துகள்களும் உள்ளே போகின்றன. இந்த வைரஸின் மரபணுக்கள் குளவியின் மரபணுவிலேயே பதிந்திருப்பவை. புழுவுக்குள் அது பெருகுவதில்லை. ஆனால் புழுவின் இரத்த அணுக்களுக்குள் நுழைந்து, அவற்றை ஒட்ட முடியாமல் செய்துவிடும். சாதாரணமாக அந்த அணுக்கள் அந்நிய முட்டையைச் சுற்றி அடுக்கடுக்காக ஒட்டி மூச்சடைத்துக் கொல்லும். இப்போது அது நடக்காது.

முட்டை பொரிந்ததும் அதன் உறைச்சவ்வின் செல்கள் பிரிந்து புழுவின் இரத்தத்தில் மிதந்து பருக்கின்றன. குளவிப்புழுவுக்கு ஊட்டம் கிடைக்க உதவுவதும், எதிர்ப்பை மேலும் அடக்குவதும் இவையே. ஹோர்மோனும் குலைகிறது: இளமை ஹோர்மோன் குறையவேண்டிய வேளையில் குறையாது, கூட்டுப்புழுவாக மாற்றும் ஹோர்மோன் ஏறாது. அதனால் புழு நான்காம் பருவத்திலேயே (தோலுரித்து வளரும் கடைசிக் கட்டம்) நின்றுவிடும். தின்பதும் குறையும். கடைசியில் ஒரேயொரு குளவிப்புழு பக்கவாட்டில் துளைத்து வெளியேறி, இலையில் அரிசிமணி போல வெள்ளைக் கூடு கட்டும். ஆனாலும் அதுவரை புழு கொஞ்சம் தின்றிருக்கும். இலையில் ஓட்டை விழத்தான் செய்யும்.

அப்படியிருந்தும் கோட்டீசியா பக்கம் சாய்வதற்குக் காரணம் பராமரிப்பு. ட்ரைக்கோகிராமா, அது உள்ளே வளரும் முட்டைகளாக அட்டையில் ஒட்டி வருகிறது. குளவிக்கு ஆயுள் சில நாள்தான். பூச்சி தொடர்ந்து முட்டையிடுவதால் வாரந்தோறும் புது அட்டை இலைக்கடியில் கட்டவேண்டும். மழையில் நனைந்தால் பாழ். எறும்பு கண்டால் முட்டைகளைத் தூக்கிப்போய்விடும். பூச்சி முட்டைகளை நரம்போரம் ஒன்றிரண்டாகச் சிதறி இடுவதால், சின்னக் குளவி நடந்து தேடிப் பிடிக்கவும் வேண்டும். கோட்டீசியா அப்படியல்ல. பாத்தியில் இருந்தால் தானே அடுத்த தலைமுறையைப் பெற்றுக்கொள்ளும். நம் வேலை கெடுக்காமல் இருப்பது.

இருக்கிறதா என்று பார்க்க: மூன்றாம் பருவப் புழு 20 எடுத்து, கோவா இலையோடு போத்தலில் போட்டு வாயைத் துணியால் கட்டி, இலை மாற்றிக்கொண்டே பத்து நாள் வையுங்கள். வலை போன்ற கூட்டில் பச்சைக் கூட்டுப்புழு தெரிந்தால் அந்துப்பூச்சி. அடர்ந்த வெள்ளைக் கூடு என்றால் குளவி. வெள்ளைக் கூடு கணிசமாக வந்தால் குளவியையும் சேர்த்துக் கொல்லும் பைரித்ரொயிட் வகைப் பூச்சிமருந்தைத் தொடவே வேண்டாம். அவசரமென்றால் பசிலஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பக்டீரியா மருந்தை அடியுங்கள். அதைத் தின்ற புழுவோடு உள்ளிருக்கும் குளவியும் சாகும், ஆனால் பறக்கும் குளவிகள் தப்பும். வரம்போரம் கொத்தமல்லியைப் பூக்கவிட்டால் அவற்றுக்குத் தேன் கிடைக்கும்.

மருந்து இந்தக் கணக்கைக் கெடுத்ததைத் தேயிலையில் பார்த்தோம். தேயிலை இலையைத் தின்னும் டோர்ட்ரிக்ஸ் புழுவுக்காக 1935-36இல் ஜாவாவிலிருந்து கொண்டுவந்த மெக்ரோசென்ட்ரஸ் குளவி இங்கே நிலைத்துவிட்டது. பிறகு கிளையைத் துளைக்கும் வண்டுக்கு டீல்ட்ரின் என்ற பூச்சிமருந்து அடித்தபோது குளவி செத்து, டோர்ட்ரிக்ஸ் மறுபடி பெருகியது.

உயரம் ஒரு தடை. கோட்டீசியா வெப்பத்தை விரும்புவது. பண்டாரவளையின் இதமான காலநிலை அதற்குப் பரவாயில்லை. நுவரெலியாவின் குளிரில் அதன் வளர்ச்சி மந்தமாகும். அங்கே இதே அளவு நம்பிக்கையோடு என்னால் பரிந்துரைக்க முடியாது. போத்தல் கணக்கைப் பார்த்தே முடிவெடுங்கள்.