காலேஜுக்கே வர வேண்டாம், பி.எட். வாங்கித் தர்றோம்: சேலத்தில் பணம் கட்டும் முன் ஒரு எச்சரிக்கை

ரிசல்ட் வரும் மாதங்களில் சேலம் புதிய பஸ் ஸ்டாண்டு தூண்களைப் பாருங்கள். "பி.எட். ரெகுலர். வகுப்புக்கு வர வேண்டியதில்லை. வேலையில் இருப்போர், இல்லத்தரசிகளுக்கு அரிய வாய்ப்பு." கீழே ஒரு செல் நம்பர் மட்டும் இருக்கும். கல்லூரிப் பெயர் இருக்காது. இருபத்தொரு வயதுப் பையனுக்காக ஒட்டிய நோட்டீஸ் இல்லை இது. தனியார் பள்ளியில் பத்து வருஷமாகப் பாடம் எடுத்தும் பி.எட். இல்லாததால் சம்பளம் ஏறாதவர், பிள்ளைகள் வளர்ந்தபின் வேலை தேடும் அம்மா, மில் கணக்கு வேலையை விட்டு ஆசிரியராக நினைப்பவர் ஆகியோர்தான் குறி. பகலில் வகுப்புக்குப் போக முடியாதது இவர்கள் குறை. வியாபாரம் அதில்தான் நடக்கிறது.

ஓமலூர்ப் பக்கத்து ஆசிரியை ஒருவர் மாட்டிய விதத்தைச் சொன்னால் புரியும். வயது 38, பி.எஸ்சி. கணிதம். மூன்று தவணையில் 85 ஆயிரம் கட்டினார். கையில் இருந்த ரசீதில் மேலே ஏதோ "கல்வி ஆலோசனை மையம்" என்று அச்சு. கல்லூரி பெயரும் இல்லை, பல்கலைக்கழகப் பெயரும் இல்லை. 'எதற்காக' என்ற கட்டத்தில் "சேவைக் கட்டணம்". ரொக்கம். கீழே ஒரு கிறுக்கல் கையெழுத்து. அந்த ரசீதின்படி அவர் பி.எட். சீட்டுக்குப் பணமே கட்டவில்லை, யாரோ ஒருவரிடம் ஆலோசனை கேட்டதற்குக் கட்டியிருக்கிறார்.

இரண்டு வருஷத்தில் சான்றிதழ் வந்தது. வெளிமாநிலப் பல்கலைக்கழகம் நிஜம், தாளும் நிஜம். அதனால்தான் கடைசிவரை சந்தேகம் வரவில்லை. வேறொரு பள்ளியில் வேலைக்குப் போனபோது பி.எட். சான்றிதழையும் அனுபவச் சான்றிதழையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒரு தாள், அந்த இரண்டு வருஷமும் அவர் வெளிமாநிலத்தில் வகுப்பில் உட்கார்ந்திருந்தார் என்கிறது. இன்னொன்று, அதே தேதிகளில் ஓமலூரில் முழுநேரம் பாடம் நடத்தினார் என்கிறது. பி.எஃப். கணக்கிலும் அந்த மாதங்களுக்கெல்லாம் பணம் பிடித்தம் ஆகியிருக்கிறது. இரண்டும் உண்மையாக இருக்க முடியாதே. அனுபவத்தை மறைத்தால் பத்து வருஷ உழைப்பு போச்சு, பி.எட்.டை மறைத்தால் 85 ஆயிரம் போச்சு. அரசு வேலை என்றால் சான்றிதழின் உண்மைத்தன்மையைப் பல்கலைக்கழகத்துக்கே எழுதிக் கேட்பார்கள். அங்கே சிக்கினால் வேலையோடு நிற்காது, வழக்கும் வரும்.

விதியைத் தெரிந்துகொண்டால் பாதி புரோக்கர்கள் வாயடைத்துப் போவார்கள். பி.எட். படிப்பை ஒழுங்குபடுத்துவது என்.சி.டி.இ. எனப்படும் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம். அதன் 2014 விதிமுறைப்படி 2015-16 முதல் இது இரண்டு வருஷப் படிப்பு. வருஷத்துக்குக் குறைந்தது 200 வேலைநாள், வாரம் 36 மணி நேரம். வகுப்புக்கு 80 சதவீதம், பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீத வருகை வேண்டும். அந்தப் பயிற்சி மொத்தம் 20 வாரம்: முதல் வருஷம் 4, இரண்டாம் வருஷம் 16. "சனி, ஞாயிறு மட்டும் வந்தா போதும் மேடம்" என்பவரிடம் கணக்கு கேளுங்கள். வருஷத்தில் வருகிற சனி, ஞாயிறு எல்லாம் சேர்த்தாலும் 104 நாள்தான். மிச்சம் 96 நாளைக்கு யார் கையெழுத்துப் போடுகிறார்கள்?

தொலைநிலை பி.எட். இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இக்னோவும் நடத்துகின்றன. ஆனால் எல்லாருக்கும் இல்லை. தொடக்கக் கல்வியில் பயிற்சி பெற்றுப் பணியில் இருக்கும் ஆசிரியர், அல்லது என்.சி.டி.இ. அங்கீகரித்த ஆசிரியர் பயிற்சியை நேரடி வகுப்பில் முடித்தவர், இந்த இரண்டு பேருக்குத்தான். அதிகம் பேர் ஏமாறும் இடம் இதுதான். "பத்து வருஷம் டீச்சரா இருந்தீங்கல்ல, அதுவே போதும்" என்று சொல்லிப் பணம் வாங்குவார்கள். போதாது. பாடம் நடத்திய அனுபவம் வேறு, பயிற்சிச் சான்று வேறு. ஒரு வருஷ மாண்டிசோரி டிப்ளமாவும் தொடக்கக் கல்வி ஆசிரியர் பட்டயமான டி.டி.எட்.டுக்கு ஈடாகாது. தகுதி உள்ளவருக்கும் தொலைநிலை என்றால் பரீட்சை மட்டும் என்று அர்த்தமில்லை. பயிலரங்கு, பள்ளிப் பயிற்சி எல்லாம் உண்டு.

அதற்கும் முன்னால் உங்கள் டிகிரியை எடுத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் பி.எட். சேர இளநிலையில் பொதுப் பிரிவுக்கு 50, பிற்படுத்தப்பட்டோருக்கு 45, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 43, எஸ்.சி., எஸ்.டி.க்கு 40 சதவீதம். பி.காம்., பொருளாதாரம் படித்தவர்களுக்கு இளநிலை மட்டும் போதாது, அதே பாடத்தில் முதுநிலையும் வேண்டும். கணக்கர் வேலையில் இருந்து வருபவர்கள் அட்வான்ஸ் கட்டிய பிறகுதான் இதைக் கேள்விப்படுகிறார்கள். பத்தாவது, பிளஸ் டூ எழுதாமல் நேரடியாகத் திறந்தநிலையில் டிகிரி வாங்கியவர்களுக்கு இன்னும் சிக்கல். அரசு வேலைக்கு அந்த டிகிரி ஏற்கப்படாது என்று 2009-லேயே அரசாணை 107 வந்துவிட்டது. புரோக்கர் இதைச் சொல்ல மாட்டார்.

சொல்வதெல்லாம் இரண்டு. ஒன்று, "பி.எட். முடிச்சா ஒண்ணாங் கிளாஸ்ல இருந்து எடுக்கலாம்." பொய். ஒன்று முதல் ஐந்து வரை பாடம் எடுக்க பி.எட். தகுதியாகாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் தீர்ப்பு சொல்லிவிட்டது. சின்னப் பிள்ளைகளுக்குத்தான் பாடம் எடுக்க ஆசை என்றால் தொடக்கக் கல்விப் பட்டயம் படிக்க வேண்டும், உத்தமசோழபுரத்தில் இருக்கும் மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் போய் விசாரியுங்கள். இரண்டு, "இந்த வருஷம் விட்டா வயசு போயிடும்." 38 வயதுக்காரரைப் பயமுறுத்தக் கிடைத்த நல்ல கயிறு. நேரடி ஆசிரியர் நியமனத்துக்கான வயது வரம்பைத் தமிழக அரசு 2023-ல் பொதுப் பிரிவுக்கு 53, மற்றவர்களுக்கு 58 என்று உயர்த்தியது. இன்று சாயங்காலத்துக்குள் கட்டியாக வேண்டிய அவசரம் எதுவும் இல்லை.

சரி, எப்படிச் சரிபார்ப்பது? கல்லூரியிடம் என்.சி.டி.இ. அங்கீகார ஆணையின் நகலைக் கேளுங்கள். தென் மண்டலக் கோப்பு எண்கள் பெரும்பாலும் ஏ.பி.எஸ். அல்லது எஸ்.ஆர்.சி.ஏ.பி.பி. என்ற எழுத்துகளில் தொடங்கும். அந்த எண்ணை வைத்து என்.சி.டி.இ. இணையதளத்தில் படிப்பின் பெயர், இடங்களின் எண்ணிக்கை, முகவரி மூன்றையும் ஒப்பிடுங்கள். டி.டி.எட்.டுக்கு மட்டும் அங்கீகாரம் வாங்கிவிட்டு பி.எட். போர்டு மாட்டுவது உண்டு. ஒரு அலகுக்கு (யூனிட்) 50 இடம். 50 இடத்துக்கு அனுமதி வாங்கிய கல்லூரியில் உங்களுக்கு 70-வது சீட்டு தருகிறார் என்றால் பல்கலைக்கழகப் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறாது. பிறகு தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் இணைவுப் பட்டியலில் அந்தக் கல்லூரி இருக்கிறதா என்று பாருங்கள்.

தாள் வேலை முடிந்ததும் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குச் சொல்லாமல் நேரில் போங்கள். நூறு பேர் படிப்பதாகச் சொல்லும் கல்லூரியின் வண்டி ஸ்டாண்டில் நாலு ஸ்கூட்டி நின்றால் மற்றவர்கள் எங்கே? பாடத்திட்டக் குறிப்பேடும் பயிற்சி ரெக்கார்டும் ஆயத்தமாக விலைக்குக் கிடைக்கும் என்று ஆபீஸிலேயே சொன்னால், வந்த வழியே திரும்பிவிடுங்கள். உள்ளூர்க் கல்லூரி என்பதாலேயே நம்ப வேண்டியதில்லை. வருகைக்குத் தனி ரேட் பேசும் இடங்கள் நம் பக்கமும் இருக்கின்றன.

முறையாகப் படிப்பது என்று முடிவெடுத்தால் முதலில் மாநில அரசின் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வுக்கு விண்ணப்பியுங்கள். 7 அரசுக் கல்லூரி, 14 உதவி பெறும் கல்லூரி அதில் வரும். நமக்குக் கிட்டத்தில் இருக்கும் அரசுக் கல்லூரி குமாரபாளையத்தில். ஏற்காட்டில் இருப்பவர்கள் பஸ் கணக்கை முதலிலேயே போடுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலத்தில் வண்டி மாறி, பத்து மணி வகுப்புக்கு இரண்டு வருஷம் தினமும் வருவது லேசில்லை. மழைக்காலத்தில் மலைப்பாதை மண் சரிந்தால் 80 சதவீத வருகை தானாகக் குறையும். ஹாஸ்டல் செலவையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள். வேலையில் இருப்பவர்கள் 16 வாரப் பயிற்சிக்கு நிர்வாகத்திடம் லீவு எழுத்தில் வாங்கிவிட்டுச் சேருங்கள். இடையில் நிற்பவர்களில் நிறையப் பேர் அங்கேதான் நிற்கிறார்கள்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்களா? ஒரிஜினல் சான்றிதழ்களை முதலில் திரும்ப வாங்குங்கள். கல்லூரிகள் ஒரிஜினலைப் பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யூ.ஜி.சி. 2018-லேயே அறிவித்திருக்கிறது. ஜி-பே, வங்கி வழியாகக் கட்டி ஏமாந்தது தெரிந்தால் அன்றே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள். தாமதித்தால் பணம் கைமாறிவிடும். மாநகர எல்லைக்குள் என்றால் கமிஷனர் அலுவலகத்தில் மத்திய குற்றப்பிரிவு, வெளியே என்றால் எஸ்.பி. அலுவலகத்தில் மாவட்டக் குற்றப்பிரிவு. மோசடிக்கு இப்போது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவு.

ரொக்கமாகக் கொடுத்து ரசீதும் இல்லையென்றால் சண்டை போடும் முன் புரோக்கருக்கு வாட்ஸ்அப்பில் சாதாரணமாக ஒரு செய்தி போடுங்கள்: "சார், பி.எட். சீட்டுக்கு இன்ன தேதியில் உங்க ஆபீஸ்ல கொடுத்த முப்பதாயிரத்துக்கு ரசீது எப்ப கிடைக்கும்?" "அடுத்த வாரம் தரேன்மா" என்று பதில் வந்தால் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பிரின்ட் போட்டுப் புகார் மனுவோடு வையுங்கள்.