பி-51டி மஸ்டாங்: இருக்கைக்குப் பின்னால் இருக்கும் 85 கேலன்

இரண்டாம் உலகப் போரின் அமெரிக்கச் சண்டை விமானமான மஸ்டாங் என்றதும் வேகத்தைத்தான் எல்லோரும் பேசுவார்கள். 25,000 அடியில் மணிக்கு 703 கிலோமீட்டர், அருமையான வேகம்தான். ஆனால் இந்த விமானத்தை எடைபோட வேண்டிய இடம் விமானியின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே உள்ள 85 கேலன் பெட்ரோல் டாங்க்தான் இங்கிலாந்திலிருந்து பெர்லின் வரை போய்த் திரும்ப வைத்தது; விமானத்தின் பெரிய தொல்லையும் அதுவே.

1940-ல் பிரிட்டன் ஒப்பந்தம் போட்ட 102-ஆம் நாளில் நார்த் அமெரிக்கன் நிறுவனம் முதல் விமானத்தின் உடலை வெளியே கொண்டுவந்துவிட்டது. அலிசன் எஞ்சின் அதன் பிறகே வந்து சேர்ந்தது. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் சூப்பர்சார்ஜர் அதில் ஒற்றைக் கட்டம்தான், 15,000 அடிக்கு மேல் மூச்சு வாங்கும். 1942 ஏப்ரலில் இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்ட் விமான தளத்தில் ஓட்டிப் பார்த்த ரோல்ஸ் ராய்ஸ் விமானி ரோனி ஹார்க்கர், மெர்லின் 60 வரிசை எஞ்சினைப் பொருத்தலாம் என்றார். இரண்டு கட்டம், இரண்டு வேகம் கொண்ட சூப்பர்சார்ஜர். நடுவே அழுத்திய காற்றைக் குளிர்விக்க ஒரு கூலர். மெல்லிய காற்றிலும் சக்தி குறையாததன் ரகசியம் இதுதான். அமெரிக்காவில் அந்த எஞ்சினை பேக்கார்ட் நிறுவனம் தயாரித்தது.

இனி எரிபொருள் கணக்கு. இறக்கைக்கு 92 கேலன் வீதம் இரண்டு, பின் டாங்க் 85. மொத்தம் 269 அமெரிக்க கேலன், சுமார் 1,018 லிட்டர். வெளியே 108 கேலன் காகித டாங்க் இரண்டு தொங்கவிடலாம். பசை ஊட்டி அழுத்திய காகிதம் என்பதால் நிரப்பி வைத்துக் காத்திருக்க முடியாது. புறப்படும் முன்புதான் ஊற்றுவார்கள்.

எந்த டாங்க்கை எப்போது திறப்பது என்பதில்தான் உயிர் இருக்கிறது. கிளம்புவது இடது இறக்கை டாங்க்கில். கார்புரேட்டரிலிருந்து ஆவியோடு திரும்பும் பெட்ரோல் அங்கேதான் வந்து விழும். அது நிரம்பியிருந்தால் வழிந்து வீணாகும். உயரம் பிடித்ததும் பின் டாங்க்குக்கு மாறி 40 கேலனுக்குக் கீழே கொண்டுவர வேண்டும். அதன் பிறகே தொங்கு டாங்க்குகள். பின் டாங்க் நிறைந்திருக்கும்போது ஈர்ப்பு மையம் பின்னுக்குத் தள்ளிப்போகும். இறுக்கமாகத் திரும்ப கட்டுப்பாட்டுக் கோலை இழுத்தால் அது தானாகவே விமானியின் மடியை நோக்கி வரும்; இழுத்த கையால் முன்னுக்குத் தள்ள வேண்டிவரும். சண்டை நடுவில் இப்படி நேர்ந்தால் விமானம் கட்டுப்பாடு இழந்து சுழன்று விழ வேண்டியதுதான்.

துப்பாக்கி விஷயத்தில் டி வகை நிஜமான முன்னேற்றம். முந்தைய பி வகையில் (பி-51பி) மெல்லிய இறக்கைக்குள் நான்கு பிரவுனிங் இயந்திரத் துப்பாக்கிகளைச் சாய்த்து வைத்ததால் தோட்டாப் பட்டை வளைந்து, வேகமான திருப்பத்தில் சிக்கிக்கொள்ளும். டியில் ஆறு, நிமிர்ந்து நிற்பவை; மொத்தம் 1,880 தோட்டா. குமிழிக் கண்ணாடி வந்ததால் பின்பக்கமும் தெளிவாகத் தெரியும். ஆனால் அதற்காக உடலின் முதுகைச் செதுக்கியதில் திசை நிலைப்பு குறைந்தது. வால் துடுப்பின் முன்னே ஒரு சிறு நீட்சியைச் சேர்த்துச் சரிசெய்தார்கள்.

தரைத் தாக்குதலுக்கு மட்டும் இதைச் சொல்ல மனம் வரவில்லை. வயிற்றுக்கடியில் உள்ள ரேடியேட்டரிலோ குழாயிலோ ஒரே ஒரு குண்டு பட்டு, எஞ்சினைக் குளிர்விக்கும் கிளைகால் திரவம் வழிந்துவிட்டால், சில நிமிடங்களில் எஞ்சின் இறுகி நின்றுவிடும். கொரியப் போரில் இந்தக் குறை நன்றாகவே தெரிந்தது. அந்த வேலைக்கு, காற்றாலேயே குளிரும் எஞ்சினுள்ள இன்னொரு அமெரிக்கச் சண்டை விமானமான பி-47 தண்டர்போல்ட்தான் சரி.