மூளைக் காயத்துக்குப் பின் வேலை: பயிற்சிக் கூடமா, பணியிடமா?

மூளையில் காயம்பட்டவரை மீண்டும் வேலைக்குத் தயார்ப்படுத்த இரண்டு வழிகள்: தனிப் பயிற்சிக் கூடம், அல்லது நேரே பணியிடம். பயிற்சிக் கூடத்தில் பிழை நேர்ந்தால் யாருக்கும் நட்டமில்லை. சோர்வு எப்போது தொடங்குகிறது, சத்தத்தில் கவனம் எவ்வளவு சிதறுகிறது, சொன்னது அரை மணி கழித்து நினைவிருக்கிறதா என்று நிதானமாகப் பார்க்கலாம். வலிப்பு இன்னும் கட்டுக்குள் வராதவருக்கு இதுவே பாதுகாப்பு. ஆனால் ஒரு பெரிய குறை: கற்றது இடம் மாறினால் பல நேரம் கைகொடுப்பதில்லை. அங்கே பெட்டிகளைப் பிழையின்றி அடுக்கியவர், கிடங்கில் அலமாரி வரிசை மாறியிருந்தால் திகைத்து நிற்கலாம்.

பணியிடத்தில் அதே மேசை, அதே கருவி, அதே ஆட்கள். ஆனால் பயிற்சியாளர் கூடவே இருக்க வேண்டும். வேலையைச் சிறு படிகளாகப் பிரித்து, அட்டையில் எழுதி, கண்ணில் படும்படி ஒட்டுவார். தொடக்கத்தில் ஊகிக்க விடாமல் ஒவ்வொரு படியையும் தானே சொல்லித்தருவார். ஏனென்றால், நினைவாற்றல் குன்றியவருக்கு முதலில் செய்த தவறே பதிந்துவிடலாம். பிறகு பயிற்சியாளர் மெல்ல விலகுவார். இந்த விலகலை அவசரப்படுத்துவதால்தான் பல முயற்சிகள் முறிகின்றன.

வாரத்துக்கு 3 நாள், நாளுக்கு 2 மணி நேரம் என்று தொடங்கலாம். நேரத்தையும் பொறுப்பையும் ஒன்றாகக் கூட்டாதீர்கள். சறுக்கினால் காரணம் எதுவென்று தெரியாது. பழைய வேலையும் ஒத்துழைக்கும் மேலாளரும் இருந்தால், எங்கள் பரிந்துரை பணியிடம்தான்.