புல் டர்ஹாமா, டின் கப்பா?

இரண்டும் விளையாட்டை வைத்து எடுத்த ஹாலிவுட் படங்கள்; இரண்டையும் இயக்கியவர் ரான் ஷெல்டன், இரண்டிலும் நாயகன் கெவின் காஸ்ட்னர். ஆனாலும் என் மனசு 1988-ல் வந்த பேஸ்பால் படமான புல் டர்ஹாம் பக்கம்தான் சாயும். ஷெல்டன் சினிமாவுக்கு வருமுன் மைனர் லீக் (முதல்நிலைக்குக் கீழே உள்ள தொழில்முறை அணிகளின்) பேஸ்பால் ஆடியவர், அதனால் அந்தப் பேருந்துப் பயணங்களும், ஆட்டத்துக்கு நடுவே மைதானத்தில் கூடி நின்று கல்யாணப் பரிசாக என்ன வாங்கலாம் என்று பேசுகிற காட்சியும் கேட்டு எழுதியது போல இல்லை, பட்டு எழுதியது போல இருக்கும். சூசன் சரண்டனின் ஆனி வேறு! ஒவ்வொரு சீசனுக்கும் தன் காதலன் எந்த ஆட்டக்காரர் என்று தேர்ந்தெடுப்பதே அவள்தான்.

1996-ல் வந்த டின் கப் கோல்ஃப் படம். காதல் கொஞ்சம் வழக்கமானதுதான், சரி. ஆனால் அந்தக் கடைசிக் குழி இருக்கிறதே (முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் இதைத் தாண்டிவிடுங்கள்), கோல்ஃபின் பெரிய போட்டியான யு.எஸ். ஓபனையே ஜெயிக்கலாம் என்ற நிலையில் நாயகன் பத்திரமாக ஆடாமல், பந்து மேல் பந்தாகத் தண்ணீரில் போட்டுவிட்டு, மிச்சமிருந்த ஒரே பந்தை நேராகக் குழிக்குள் அடிப்பான். வீம்பு என்றால் அது வீம்பு!

பேஸ்பால் பழக்கமில்லாதவர்கள் முதலில் டின் கப்பைப் பார்க்கலாம்.